நிறுவிப் பார், கெடுத்துப் பார்: மெய்நிகர் கணினியில் லினக்ஸ் வழங்கல்கள்

"லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசைதான். ஆனால் இருக்கிற விண்டோஸும் இத்தனை வருடத்துப் போட்டோக்களும் போய்விட்டால்?" இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். அந்தப் பயம் நியாயமானது. லினக்ஸ் நிறுவும்போது நடுவில் ஒரு திரை வரும். வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று அது கேட்கும். மடிக்கணினியில் தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டால் அழிவது உங்கள் சொந்த வட்டு. மெய்நிகர் கணினியில் அதே பொத்தானை அழுத்தினால் அழிவது, உங்கள் வட்டின் ஒரு மூலையில் வெறும் கோப்பாகக் கிடக்கும் போலி வட்டு. அந்தக் கோப்புக்கு வெளியே அதன் கை நீளாது.

மெய்நிகர் கணினி என்பது ஒரு மென்பொருள் உண்டாக்கிக் காட்டும் கணினி. அதற்கென்று கொஞ்சம் ரேம், ஒரு போலி வட்டு, ஒரு போலி நெட்வொர்க் கார்டு எல்லாம் கிடைக்கும். உள்ளே நிறுவப்படும் இயங்குதளம், தனிக் கணினியில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அங்கும் நடந்துகொள்ளும். இந்த அத்தியாயத்தில் வசதிக்காக உங்கள் மேசைமேல் இருப்பதை மெய்க்கணினி என்றும், சன்னலுக்குள் ஓடுவதை உட்கணினி என்றும் சொல்கிறேன்.

பலர் இந்த வசதியைக் கொண்டு வாரம் ஒரு லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரோவை) நிறுவுகிறார்கள், முகப்பைப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை என்று அழிக்கிறார்கள். முகப்பைப் பார்க்க ஒரு யூடியூப் காணொளியே போதும். ஒரு வழங்கலின் குணம் தெரிவது அது கெட்டுப்போகும்போதும், அதை நாம் சரிசெய்யும்போதும்தான். அதனால் குறைவாக நிறுவுங்கள், நிறுவியதை வேண்டுமென்றே கெடுங்கள், பிறகு மீட்டெடுங்கள். அதைப் பயமில்லாமல் செய்யக் கிடைத்த இடம் என்பதே உட்கணினியின் பெருமை.

மெய்க்கணினியில் என்ன இருக்க வேண்டும்

8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டி வட்டும் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 16 ஜிபி இருந்தால் இரண்டு உட்கணினிகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம். 4 ஜிபி மட்டும் உள்ள பழைய மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்புள்ள வழங்கல்கள் தட்டுத்தடுமாறி ஓடும். ஆனால் அங்கே மெய்நிகர் கணினியோடு போராடுவதைவிட, அத்தியாயக் கடைசியில் வரும் பென்டிரைவ் வழிக்கு நேரே போய்விடுவது நல்லது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால், ரேம் எவ்வளவு இருந்தாலும் பொறுமை அதிகம் வேண்டும்.

அடுத்தது பிராசஸர். உட்கணினிகளை வேகமாக ஓட்டுவதற்கான வன்பொருள் வசதியை இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தங்கள் பிராசஸர்களில் கொண்டுவந்தன. ஆகவே உங்கள் கணினியில் அது பெரும்பாலும் இருக்கும், ஆனால் அணைத்துவைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைப் பாருங்கள். வர்ச்சுவலைசேஷன் என்பதற்கு நேரே எனேபிள்ட் என்று இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கணினியைத் திரும்பத் தொடங்கி பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் கணினிகளில் அது விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி கணினிகளில் பெரும்பாலும் எஸ்விஎம் மோடு என்றும் எழுதியிருக்கும்.

எந்த மென்பொருள்

விண்டோஸிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸைச் சொல்கிறேன். இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007இல் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2008இல் அந்த நிறுவனத்தை சன் வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. கைமாறிக்கொண்டே வந்தாலும் அடிப்படை மென்பொருள் இன்றும் இலவசம், திறந்த மூலம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சில கணினிகளில் அதன் கிராபிக்ஸ் இன்னும் வழுக்கலாக ஓடும். ஆனால் மூலநிரல் திறந்ததல்ல.

ஏற்கெனவே லினக்ஸில் இருந்துகொண்டு மற்ற வழங்கல்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். கேவிஎம் என்ற வசதி 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. க்னோம் பாக்ஸஸ் எளிது. வர்ட்-மேனேஜரில் கட்டுப்பாடு அதிகம். எம் வரிசை பிராசஸருள்ள மேக் வைத்திருப்பவர்கள் யுடிஎம் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அவர்கள் பதிவிறக்க வேண்டியது ஏஆர்எம் 64 என்று குறிப்பிட்ட கோப்பு. வழக்கமான இன்டெல் கோப்பையும் அது ஓட்டும், ஆனால் நத்தை வேகத்தில்.

விண்டோஸ் பயனர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் அடிப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி முன்னரே பிராசஸர் வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்று பொருள். மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சமும் அதே ஹைப்பர்-வியைத்தான் நம்பியிருக்கிறது. வேகத்துக்காக அதை அணைக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். வங்கி வேலையெல்லாம் பார்க்கும் கணினி என்றால் அணைக்காதீர்கள். ஆமையோடு வாழ முடியும்.

கோப்பைப் பதிவிறக்கிச் சரிபார்ப்பது

வழங்கலை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்புகளின் அளவு வழங்கலுக்கு வழங்கல் மிகவும் மாறும். உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி. லினக்ஸ் மின்ட் 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. டெபியனின் நெட்இன்ஸ்ட் கோப்பு 1 ஜிபிகூட இல்லை, ஆனால் மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். தினசரி டேட்டா பேக்கை நம்பியிருப்பவர்கள் டோரண்ட் வழியாக இறக்குவதே நல்லது. நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டும் வரும்போதே சரிபார்க்கப்படும்.

நேரடியாக இறக்கினால் சரிபார்ப்பை நீங்கள் செய்ய வேண்டும். தளத்தில் கோப்பின் அருகே எஸ்எச்ஏ 256 என்று ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரம் கொடுத்திருப்பார்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையால் உங்கள் கோப்பின் சரத்தைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். இதை வீண்வேலை என்று தாண்டிப்போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் புகுந்த விஷமிகள், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைத் தாங்கள் மாற்றிவைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கோப்பில் ஒரு பின்வாசல் இருந்தது. உண்மையான சரத்தோடு ஒப்பிட்டால் இப்படிப்பட்ட மோசடி தெரிந்துவிடும். தளத்துக்குள்ளேயே புகுந்தவன் சரத்தையும் மாற்றிவைக்கலாமே என்று நீங்கள் கேட்டால், அது சரியான கேள்வி. அதற்காகத்தான் வழங்கல்கள் அந்தச் சரங்கள் உள்ள கோப்பின்மேல் ஜிபிஜி கையொப்பமும் இடுகின்றன. பழகிப் பார்ப்பதற்கு சரம் போதும். மெய்க்கணினியில் நிறுவப்போகும் நாளில் கையொப்பத்தையும் சரிபாருங்கள்.

உட்கணினியை உருவாக்குவது

விர்ச்சுவல்பாக்ஸில் நியூ என்பதை அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள். இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, உங்களைக் கேட்காமல் தானே எல்லாவற்றையும் நிறுவிவிடும் வழி ஒன்று முன்வரிசைக்கு வந்துவிட்டது. அப்படி நிறுவினால் விபாக்ஸ்யூசர் என்ற பயனர் பெயரும் சேஞ்ச்மீ என்ற கடவுச்சொல்லும் தாமாக வந்து உட்காரும். அந்தப் பயனருக்கு நிர்வாக அதிகாரம் இல்லாமல் போய், எதையும் நிறுவ முடியாமல் திண்டாடியவர்கள் நிறையப் பேர். அதோடு, நாம் பார்க்க வந்ததே ஒரு வழங்கல் தன்னை எப்படி நிறுவிக்கொள்கிறது என்பதை. எனவே ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பதிப்புக்குப் பதிப்பு அதன் வாசகம் மாறும். தானியங்கி நிறுவல் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

8 ஜிபி மெய்க்கணினியிலிருந்து உட்கணினிக்கு 4 ஜிபிக்குமேல் கொடுக்காதீர்கள். க்னோம், கேடிஇ முகப்புகளுக்கு அந்த 4 ஜிபி வேண்டும். எக்ஸ்எஃப்சிஇக்கு 2 ஜிபி போதும். பிராசஸர் இரண்டு கொடுங்கள். வட்டுக்கு 25 அல்லது 30 ஜிபி என்று எழுதுங்கள். அவ்வளவு இடமும் உடனே போய்விடாது. உள்ளே நிரம்ப நிரம்பத்தான் கோப்பு வளரும். ஆனால் உள்ளே அழித்தால் கோப்பு தானாகச் சுருங்காது. மாதக்கணக்கில் வைத்திருந்து, மெய்க்கணினியில் இடம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். வீடியோ மெமரியை 128 எம்பிக்கு உயர்த்துங்கள். நெட்வொர்க்கை என்ஏடி என்ற முன்னிருப்பிலேயே விட்டுவிடலாம்.

நிறுவி முடிந்ததும் ஐஎஸ்ஓவை எடுத்துவிட்டு என்டர் அழுத்து என்று சொல்லும். எடுக்க மறந்தால், திரும்பவும் நிறுவித் திரையே வந்து நிற்கலாம். ஸ்டோரேஜ் பகுதியில் போலி சிடியைக் கழற்றினால் தீர்ந்தது. சுட்டி சன்னலுக்குள் மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள், வெளியே வந்துவிடும்.

திரை சிறியதாகவே இருந்தால் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பு உள்ளே இல்லை என்று அர்த்தம். அதைப் போட்டால் திரை சன்னலுக்கு ஏற்ப விரியும், நகலெடுத்து ஒட்டுவது இரு பக்கமும் நடக்கும், கோப்புறையைப் பகிரலாம். பகிர்ந்த கோப்புறை தெரிந்தும் திறக்கவில்லையென்றால், உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

கடைசியாக, உட்கணினியை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். 'புதிதாக நிறுவியது' என்று பெயரிட்டுத் தேதியும் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ரேமில் இருப்பதும் சேர்ந்து பதிவாகும், இடம் அதிகம் பிடிக்கும். இனி உள்ளே என்ன நாசம் நடந்தாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகல் என்று நினைத்துவிட வேண்டாம். அது அந்தப் போலி வட்டுக் கோப்பையே நம்பி நிற்கிறது. கோப்பு கெட்டால் இதுவும் போகும்.

எதையெல்லாம் நிறுவலாம்

நூற்றுக்கணக்கான வழங்கல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சில மூலக் குடும்பங்களின் கிளைகள். குடும்பத்தைப் புரிந்துகொண்டால் கிளை தானாகப் புரியும். முதல் சுற்றுக்கு மூன்று போதும் என்பது என் முடிவு: லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா.

மின்ட் 2006இல் தொடங்கியது. உபுண்டுவின்மேல் கட்டியது, உபுண்டுவோ டெபியனின்மேல் கட்டியது. 22 வரிசைக்கு அடித்தளம் உபுண்டு 24.04, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 ஏப்ரல் வரை. விண்டோஸிலிருந்து வருகிறவருக்குச் சின்னமன் முகப்பில் எதையும் தேட வேண்டியிருக்காது. இதில் கவனிக்கத்தக்க ஒன்று, மின்ட் தன் அடித்தளத்தோடு எங்கே முரண்படுகிறது என்பது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற தன் தனி வடிவில் கொடுக்கிறது. மின்ட் ஸ்னாப்பை அடைத்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸைச் சாதாரண டெப் பேக்கேஜாகக் கொடுக்கிறது. பயனர் கணினியில் யார் எதைத் தீர்மானிப்பது என்ற பெரிய விவாதம் இந்த ஒரு மென்பொருளில் தெரிகிறது. உபுண்டு, மின்ட் இரண்டையும் நிறுவி, ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும் வேகத்தையும் புதுப்பிக்கப்படும் விதத்தையும் பாருங்கள்.

டெபியன் 1993இல் பிறந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிலைப்பதிப்பு வரும். 2025 ஆகஸ்டில் வந்தது 13ஆம் பதிப்பு. நடுவில் மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் நகராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். புதிது வேண்டுமென்று துடிப்பவருக்கு அலுப்பாக இருக்கும். கடையில் பில் போடும் கணினிக்கு இதைவிட நல்ல குணம் கிடையாது. நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் வெற்றாக விட்டுவிட்டால், நீங்கள் உருவாக்கும் பயனருக்கே சூடோ வழியாக நிர்வாக அதிகாரம் வரும். அங்கே ஏதாவது எழுதிவிட்டால், பிறகு சூடோ வேலை செய்யவில்லையே என்று தேட வேண்டியிருக்கும். இந்த ஒரு கட்டத்தின் விளைவு இன்னொரு இடத்திலும் வெடிக்கும். சற்றுப் பின்னால் சொல்கிறேன். சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டெபியனை முதலில் பழகிவிட்டுப் போனால், எது டெபியனுடையது, எது சென்னையில் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஃபெடோரா வேறு குடும்பம். பேக்கேஜ்களை நிறுவ இங்கே டெபியன் குடும்பத்தின் ஆப்ட் கிடையாது, டிஎன்எஃப். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். லினக்ஸ் உலகின் புதிய பழக்கங்கள் பல முதலில் வந்து இறங்குவது இங்கேதான். மேசைக்கணினிப் பதிப்புகளில் 2020இல் வந்த 33 முதல் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையை முன்னிருப்பாக வைத்தது ஓர் உதாரணம். காப்புரிமைச் சிக்கல் உள்ள சில வீடியோ கோடெக்குகளை ஃபெடோரா தன்னோடு தராது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் ஓடவில்லை என்று கோபப்பட்டு அழிப்பதற்குமுன் அதைச் செய்து பாருங்கள்.

ஆர்ச்சை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். அதற்குப் பதிப்பு எண்ணே கிடையாது, ஓடும் ஆறாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். 2021 முதல் ஐஎஸ்ஓவிலேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற வழிகாட்டி நிரல் வருகிறது. ஆனால் ஒருமுறையாவது அதைத் தொடாமல், வட்டைப் பிரிப்பது முதல் பூட்லோடர் வரை கையால் செய்யுங்கள். மற்ற நிறுவிகள் திரைக்குப் பின்னால் என்ன செய்தன என்பது அப்போது விளங்கும். ஆர்ச் உட்கணினியைச் சில மாதம் தொடாமல் விட்டுவிட்டுப் புதுப்பித்தால் கையொப்பப் பிழைகள் வரிசையாக வரலாம். பயப்பட வேண்டாம். ஆர்ச்லினக்ஸ்-கீரிங் என்ற பேக்கேஜை முதலில் புதுப்பித்து, உடனே முழுப் புதுப்பிப்பையும் ஓட்டுங்கள்.

கெடுத்துப் பார்ப்பது

முதலில் நான்கைந்து நாள் உட்கணினியை முழுத்திரையில் வைத்து உங்கள் அன்றாட வேலையை அதிலேயே செய்யுங்கள். மின்னஞ்சல், லிப்ரெஆபிஸில் ஒரு கடிதம், அலுவலகத்திலிருந்து வந்த ஒரு எக்செல் கோப்பு, ஒரு வீடியோ அழைப்பு. புதுப்பிப்பு வரும்போது அது எப்படிச் சொல்கிறது, எத்தனை எம்பி இறக்குகிறது, மறுதொடக்கம் கேட்கிறதா என்று குறித்துவையுங்கள். பிறகு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு அழிவு வேலையில் இறங்குங்கள்.

எளிதிலிருந்து தொடங்கலாம். முகப்புச் சூழலின் முதன்மைப் பேக்கேஜை நீக்குங்கள். எதையெல்லாம் சேர்த்து அகற்றப்போகிறேன் என்று ஒரு நீண்ட பட்டியலை அது காட்டும். ஆம் என்று சொல்லுமுன் அந்தப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், லினக்ஸ் பயனருக்கு நேரும் விபத்துகளில் கணிசமானவை நேராமலே போகும். மறுதொடக்கம் செய்தால் பல சமயம் கறுப்புத் திரையில் உள்நுழையச் சொல்லும். அங்கிருந்து அதே பேக்கேஜை மறுபடி நிறுவி முகப்பை மீட்டுக்கொண்டு வாருங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும். முதல் தடுமாற்றத்திலேயே அதைத் தொட்டுவிட்டால் கற்பது எதுவும் இல்லை.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பயிற்சி. டெபியனில் எட்சி அடைவுக்குள் எஃப்எஸ்டேப் என்ற கோப்பு இருக்கிறது. கணினி தொடங்கும்போது எந்த வட்டுப் பகுதியை எங்கே பொருத்துவது என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். இல்லாத ஒரு வட்டுப் பகுதியின் பெயரை அதில் புது வரியாகச் சேர்த்துச் சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கணினி அந்த வட்டுக்காக 90 விநாடி காத்திருக்கும். வராது. உடனே அவசர நிலைக்குப் போகிறேன் என்று அறிவிக்கும்.

ரூட் கடவுச்சொல்லை வெற்றாக விட்டவர்களுக்கு அதன் விளைவு இப்போது தெரியும். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லி அவசர நிலையும் கைவிரித்துவிடும். உள்ளே போக வழியில்லை. மெய்க்கணினியில், அதுவும் நாளை காலை சமர்ப்பிக்க வேண்டிய வேலையோடு, இந்தத் திரையைப் பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். உங்களுக்குக் கலங்காது. போலி சிடியில் டெபியன் ஐஎஸ்ஓவைத் திரும்ப மாட்டி, அதிலிருந்து தொடங்கி, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் ரெஸ்க்யூ மோடைத் தேர்ந்தெடுங்கள். சிடி முதலில் தொடங்கவில்லையென்றால் பூட் ஆர்டரில் அதை மேலே ஏற்றுங்கள். உங்கள் நிறுவல் உள்ள பகுதியைக் காட்டினால், அதற்குள் ஒரு ஷெல் திறந்து தரும். எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து நீங்கள் சேர்த்த வரியை நீக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள். பழையபடி வந்துவிடும்.

இதை ஒருமுறை செய்தவர்களுக்கு இரண்டு விஷயம் உறுதிப்படும். தொடங்காத கணினி செத்த கணினி அல்ல, உள்ளே கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்பது ஒன்று. நிறுவிய ஐஎஸ்ஓவை ஒரு பென்டிரைவில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இதே பயிற்சியை ஃபெடோராவிலும் மின்டிலும் செய்யுங்கள். மீட்கும் வழிகள் வெவ்வேறாக இருக்கும். அந்த வேறுபாடுகள்தான் நீங்கள் தேடி வந்த ஒப்பீடு.

ஓப்பன்சூசே டம்பிள்வீடையும் பார்க்க நேரமிருந்தால், இந்தக் கெடுதலுக்கு அது சொல்லும் பதிலைக் கவனியுங்கள். பேக்கேஜ் மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி வழங்கலுக்குள்ளேயே ஸ்னாப்ஷாட் எடுத்துவைக்கும். கணினி கெட்டால், தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலிலிருந்தே பழைய நிலையில் தொடங்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் வெளியிலிருந்து தரும் வசதியை ஒரு வழங்கல் தன்னுள்ளே வைத்திருப்பது, உங்கள் இறுதித் தேர்வில் பெரிய எடைக்கல்லாக இருக்கலாம்.

தமிழ் எழுத முடிகிறதா

நம் வாசகர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. விண்டோஸில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உட்கணினிக்குள் உதவாது. உட்கணினிக்குப் போவது நீங்கள் தட்டிய விசை எது என்ற செய்தி மட்டுமே. அது தமிழ் எழுத்தாக மாற வேண்டியது உள்ளே. ஆகவே உள்ளேயே ஒரு உள்ளீட்டு முறையை அமைக்க வேண்டும்.

டெபியன், மின்ட், உபுண்டு மூன்றிலும் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை நிறுவி, வெளியேறி உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் கிடைக்கும். தமிழ்99 மட்டும் வேண்டுமென்றால் இந்தப் பேக்கேஜ்கூட இல்லாமல் விசைப்பலகை அமைப்பிலேயே அது இருக்கிறது. பிறகு ஒரு பத்தி தட்டிப் பாருங்கள். க்ஷ, ஸ்ரீ, கொ, கௌ சரியாக வருகின்றனவா? கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்து, அது கோப்பு மேலாளரிலும் டெர்மினலிலும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் தத்தம் இடத்தை விட்டு விலகி நிற்கும். இது வழங்கலின் குற்றமில்லை, டெர்மினல் மென்பொருளின் குறை. கேடிஇயின் கான்சோலை நிறுவி ஒப்பிட்டுப் பாருங்கள்.

உட்கணினி சொல்லாதவை

உட்கணினிக்குத் தெரிவது போலி வன்பொருள். உங்கள் மடிக்கணினியின் வைஃபை சில்லு அந்த வழங்கலில் வேலை செய்யுமா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், கைரேகை படிக்குமா என்று எதையும் அதனால் சொல்ல முடியாது. அதேபோல் க்னோம் உள்ளே திணறுகிறது என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். கிராபிக்ஸ் வேலையை அங்கே பிராசஸரே செய்துகொண்டிருக்கலாம். மெய்க்கணினியில் அதே க்னோம் சரளமாக ஓடும்.

எனவே வழங்கலைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதன் லைவ் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி, வட்டைத் தொடாத லைவ் முறையில் மெய்க்கணினியைத் தொடங்குங்கள். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள், மூடித் திறப்பது, வீட்டு பிரிண்டர், புரொஜெக்டர் வயர் ஆகிய ஏழையும் சோதியுங்கள். இவற்றில் ஒன்று தகராறு செய்தாலும் அதே குடும்பத்தில் புதிய கெர்னலுள்ள இன்னொரு வழங்கலைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் அதிலேயே தீரும். எல்லாம் சரியென்றால், கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம்.

வேண்டாத உட்கணினிகளை நீக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டு வழி கேட்கும். ரிமூவ் ஒன்லி என்றால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், பல ஜிபி கோப்பு வட்டிலேயே கிடக்கும். இடம் திரும்பக் கிடைக்க டெலீட் ஆல் ஃபைல்ஸ் என்பதை அழுத்துங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழங்கலின் உட்கணினியை மட்டும் அழிக்காதீர்கள். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது மேம்படுத்தலை முதலில் அதில் ஓட்டலாம். மெய்க்கணினியில் உள்ள அதே மென்பொருள்களை அதிலும் நிறுவி, ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில், நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று சில இடங்களில் நின்று கேட்கும். அது எந்தக் கோப்பைப் பற்றிக் கேட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அதன்பின் எது ஓடவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மெய்க்கணினியை மேம்படுத்தும் நாளில் அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.